முழங்காலுக்குக் கீழே

பழைய கார் ஒன்றைப் பார்க்கச் சொல்லி யாராவது கூப்பிட்டால், போனதும் நான் கேட்பது ஒரு கோணிப்பை. காபியெல்லாம் அப்புறம். வண்டிக்காரர் அதற்குள் பானட்டைத் திறந்து வைத்திருப்பார். எஞ்சினைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கியிருப்பார். "சும்மா சாவியைத் திருப்புங்க மேஸ்திரி, ஒரே அடியில பிடிக்கும்" என்பார். நான் கோணியைத் தரையில் விரித்து, வண்டிக்கு அடியில் நுழைந்துவிடுவேன். சிலருக்கு அது மரியாதைக் குறைவாகப் படும். கீழே இருக்கும் எனக்கு அவர்கள் முகம் தெரியாது, செருப்புதான் தெரியும். கோபம் வந்தால் செருப்பு இப்படியும் அப்படியும் நகரும்.

நாற்பத்தெட்டு வருஷமாக இதே வேலை. இந்த வண்டியைச் செய்யலாமா, வேண்டாமா என்று என்னிடம் கேட்டவர்கள் ஏராளம். வேண்டாம் என்று நான் சொன்ன வண்டிகள்தான் அதிகம். அப்படிச் சொல்லத் தெரிந்துகொள்வதற்கு எனக்கு முப்பது வருஷம் ஆனது. ஒரு வண்டியைப் பாழாக்கியும் இருக்கிறேன்.

1977இல், ஒன்பதாம் வகுப்பு ஃபெயிலான கையோடு, ராயப்பேட்டையில் ஒரு ஷெட்டில் சேர்ந்தேன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் பக்கம். உதிரிப்பாகம் வாங்க நடந்தே போய்விட்டு வந்துவிடலாம். அன்றைக்குப் 'பழைய கார்' என்று தனியாக ஒரு ஜாதி கிடையாது. புது ஃபியட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அதனால் இருபது வயது தாண்டிய ஆஸ்டினும் தினமும் ஆபீஸ் போய் வந்தது. ரெஸ்டொரேஷன் என்கிற சொல்லை நான் காதால் கேட்டதே அதற்கப்புறம் இருபது வருஷம் கழித்துத்தான். நின்ற வண்டியை ஓட வைக்கவேண்டும், அவ்வளவுதான் எங்கள் வேலை.

சேர்ந்த மூன்றாம் மாதம், ஒரு பேபி மோரிஸுக்கு பேட்டரி மாட்டச் சொன்னார் மேஸ்திரி. ஃபியட்டில் பார்த்த பழக்கத்தில் மைனஸைக் கொண்டுபோய் பாடியில் மாட்டிவிட்டேன். அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகளில் பிளஸ்தான் பாடிக்குப் போகும். சாவியைத் திருப்பினேன். டாஷ்போர்டில் இருந்த ரேடியோவிலிருந்து ஊதுபத்தி மாதிரி மெல்லிசாகப் புகை வந்தது. மேஸ்திரி கை ஓங்கவில்லை. ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார். அதற்கு அடித்தே இருக்கலாம்.

தட்டிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். "கண்ணை மூடிக்கிட்டுத் தட்டுடா. கண்ணு பெயிண்ட்டைப் பார்க்கும், காது தகரத்தைப் பார்க்கும்" என்பார். விரல் முட்டியால் முன் மட்கார்டில் ஆரம்பித்து டிக்கி வரை தட்டிக்கொண்டே நடக்கவேண்டும். நல்ல தகரம் டங்கென்று பேசும். பட்டி போட்ட இடம் தொப்பென்று அமுங்கும். ஈயம் ஊற்றிச் சமன் செய்த இடம் கனமாக, மூக்கடைத்த குரலில் பேசும். இப்போது என் பையில் ஒரு காந்தமும் இருக்கிறது. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. பெயிண்ட்டில் கீறல் விழக்கூடாதென்று துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காமல் வழுக்கும். ஈயத்திலும் பிடிக்காது. ஈயம் ஊற்றியது நல்ல கைவேலை, பட்டி பெரும்பாலும் ஏமாற்று வேலை. இரண்டையும் பிரித்துச் சொல்லக் காந்தத்துக்குத் தெரியாது. அதற்குக் காதுதான் வேண்டும்.

தட்டுவது பெரும்பாலும் குனிந்துதான். மழைத்தண்ணீர் மேலிருந்து வழிந்தாலும் தங்குவது கீழேதான். கதவுக்குள் இறங்கும் தண்ணீர் கதவின் அடிமடிப்பில் நிற்கும். கால்மிதிக்கு அடியில் ஈரம் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். சக்கரம் வாரி அடிக்கும் சேறு மட்கார்டின் உள்மூலையில் போய் அப்பிக்கொண்டு, காயாமலேயே கிடக்கும். ஆகவே முழங்காலுக்குக் கீழே பார்த்தால் பாதித் தீர்ப்பு அங்கேயே கிடைத்துவிடும். மேலே இருக்கும் பெயிண்ட், சீட்டு, எஞ்சின் எல்லாம் பணம் கொடுத்தால் வந்துவிடுகிற சமாச்சாரம்.

எந்த ஊர் வண்டி என்றும் விசாரிப்பேன். மதுரை, கோவைப் பக்கத்து வண்டி என்றால் கொஞ்சம் தெம்பு. வண்டியின் தரை வெயிலில் வெளுத்த பலகை மாதிரி காய்ந்து கிடக்கும், துரு ஏறியிருக்காது. மலை வண்டி அழகாக இருக்கும், ஆனால் பனியிலும் தூறலிலும் நனைந்தே வளர்ந்தது. கடற்கரை வண்டிக்குச் சொல்லவே வேண்டாம். பெசன்ட் நகரில் தெருவில் நிறுத்திய வண்டி, கவர் போட்டு மூடியிருந்தால் இன்னும் மோசம். கவருக்குள் உப்பு ஈரம் வெளியேறாமல் வேகும்.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. எங்கள் ஷெட்டுக்கு அதன் சூடு உறைக்க ஐந்தாறு வருஷம் பிடித்தது. தொண்ணூறுகளில் மோரிஸும் ஆஸ்டினும் ஹெரால்டும் எடைக்குப் போயின. புதுப்பேட்டையில் நாள் முழுக்க வெட்டும் சத்தம். கியர்பாக்ஸ் ஒரு குவியல், கதவு ஒரு குவியல், ஸ்டீயரிங் ஒரு குவியல். 1991இல் நானே ஒரு நாலு கதவு ஹெரால்டைக் காயலான் கடை வண்டியில் ஏற்றிவிட்டேன். வாடிக்கையாளர் இடத்தை அடைக்கிறது என்றார், எனக்கும் இடம் தேவைப்பட்டது. பதினைந்து வருஷம் கழித்து அதே மாதிரி வண்டிக்குப் பின் கதவுப் பிடி ஒன்றைத் தேடி நான் அலைந்த அலைச்சலில், அந்த வண்டி எத்தனையோ இரவு என் தூக்கத்தில் வந்து போனது.

ஹெரால்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அது நம் ஊர் வண்டி. வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியில் 1961லிருந்து செய்தார்கள். இங்கிலாந்தில் அதற்கு ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்று பெயர், இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். எஞ்சின் 948 சி.சி. அம்பாசடர், ஃபியட், மோரிஸ் மூன்றுக்கும் பாடியே எலும்பு, தனியாகச் சட்டம் கிடையாது. ஹெரால்டுக்கு அடியில் சேஸிஸ் தனி, மேலே பாடி தனி. போல்ட்டைக் கழற்றினால் பாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வேலை பார்க்கலாம். பானட் முழுசாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை செய்யலாம். எத்தனை நாள் அந்த டயரில் உட்கார்ந்து டீ குடித்திருப்பேன்!

2002இல் அடையாறில் ஒரு வீடு. ரிட்டயரான பேராசிரியர் ஒருவர் கூப்பிட்டிருந்தார். ஷெட்டில் இரண்டு கதவு ஹெரால்ட், பதினேழு வருஷமாக அசையாதது. கூரை ஒழுகி எஞ்சினில் தண்ணீர் இறங்கியிருந்தது. ஃபேனைக் கையால் திருப்பினால் அசையவே இல்லை. எனக்கு முன்பே இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துவிட்டு, "எஞ்சின் ஜாம், இதோட கதை முடிஞ்சுது சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நான் கோணி கேட்டேன். அந்த வீட்டு அம்மா ஒரு பழைய ஜமுக்காளத்தைக் கொடுத்தார்கள். அடியில் போய்ப் பார்த்தேன். நடுச் சட்டம் இரண்டும் உறுதி. பாடியைத் தாங்க இரண்டு பக்கமும் கை நீட்டிக்கொண்டிருக்கும் சட்டங்கள் உண்டு. அவற்றில் நாலு உளுத்துப்போயிருந்தன, ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனது. ஆனால் அவை தனித்தனியாகச் செய்து வைத்து வெல்டிங் பிடிக்கக்கூடியவை.

எழுந்து வந்து, "செய்யலாம் சார்" என்றேன்.

"எஞ்சின்?"

"அது கிடக்குது சார்."

ப்ளக் கழற்றிய ஓட்டைகளில் மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் ஊறவிட்டேன். பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டாப் கியரில் போட்டு, சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தோம். பத்தாம் நாள் சாயங்காலம் பையன் ஒருவன், "அண்ணே, நகருது!" என்று கத்தினான். அரை விரல் அளவு நகர்ந்திருந்தது. போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் மாற்றினோம். பாடியைத் தூக்க ஆறு பேர் போதுமாயிருந்தது. பதினான்கு மாதத்தில் வண்டி வெளியே வந்தது. நான் சொன்ன தொகைக்குமேல் இருபதாயிரம்தான் கூடுதல். இன்றைக்கு நினைத்தாலும் அது எனக்கே பொய் மாதிரி இருக்கிறது.

அந்த வண்டியால் எனக்குத் தலைக்கனம் ஏறியது. அதுதான் அடுத்த கதைக்குக் காரணம்.

2006இல் சாஃப்ட்வேர் வேலையில் இருந்த தம்பி ஒருவர், குன்னூர்ப் பக்கம் ஒரு புரோக்கரிடம் பேபி மோரிஸ் வாங்கிவிட்டு, ஓட்டிக்கொண்டே என் ஷெட்டுக்கு வந்தார். வாங்கிய பிறகு என்னிடம் வருகிறவர்கள்தான் நூற்றுக்குத் தொண்ணூறு. புதுப் பச்சை பெயிண்ட், புது சீட் கவர். எஞ்சின் தையல் மிஷின் மாதிரி ஓடியது. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "அண்ணா, அங்கங்கே லேசா டச்சப் பண்ணி, ஒரிஜினல் கலருக்குக் கொண்டு வந்துடலாமா?" என்றார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இரண்டரை லட்சம் என்று சொல்லிவிட்டேன். கோணி விரிக்கவில்லை. அந்த மாதம் ஷெட் வாடகை பாக்கி இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அட்வான்ஸ் வாங்கிய மறுநாள்தான் ஜாக்கி வைத்தேன். கதவுக்குக் கீழே, நடுவில் வைத்துத் தூக்கினேன். ஜாக்கி ஏறியது. வண்டி ஏறவில்லை. ஜாக்கியின் தலை தகரத்தைப் பொத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. கையை விட்டுப் பார்த்தால், கதவுக்கடியில் ஓடும் சைடு பாக்ஸ் முழுக்கப் பட்டியும் அதற்குள் நியூஸ்பேப்பரும். பேப்பரை உருவினேன், மலையாளம். புரோக்கருக்கும் முந்தி வண்டி எங்கேயோ மழையில் இருந்திருக்கிறது.

மோரிஸில் முன் சீட்டுக்கு அடியில் குறுக்கே ஒரு சட்டம் ஓடும். முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் அதில்தான் வந்து பிடித்துக்கொள்கிறது. அது உளுத்தால் முன் சக்கரத்துக்கே பிடிமானம் கிடையாது. அதுவும் போயிருந்தது. அன்றைக்கே தம்பியைக் கூப்பிட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்திருக்கவேண்டும். நான் வெல்டரைக் கூப்பிட்டேன்.

துணி கிழிந்தால் ஒட்டுப் போட்டுத் தைக்கலாம். ஆனால் கிழிசலைச் சுற்றி நல்ல துணி இருக்கவேண்டும். இங்கே சுற்றிலும் அப்பளம். ஒரு இடத்தில் கேஸ் வெல்டிங் பிடித்தால் பக்கத்தில் நாலு விரல் தூரம் எரிந்து ஓட்டை விழும். அந்த ஓட்டையை அடைக்கப் போனால் அடுத்தது. இதற்கு நடுவில் நான் செய்த தப்பு இன்னும் பெரியது. சீக்கிரம் முடியட்டும் என்று இரண்டு பக்கத்து சைடு பாக்ஸையும் ஒரே நேரத்தில் வெட்டி எடுக்கச் சொன்னேன். கதவு வாசலுக்குக் குறுக்கே ஆங்கிள் வைத்துப் பிடிக்கவில்லை. பாடியே எலும்பாக இருக்கும் வண்டியில் இரண்டு பக்கமும் அடி இல்லையென்றால் என்ன ஆகும்? நடுவில் தொய்ந்துவிட்டது. புது பாக்ஸ் வைத்து வெல்டிங் பிடித்து முடித்த பிறகு, கழற்றி வைத்திருந்த கதவை எடுத்து மாட்டினேன். மேலே உரசியது. கீழே அரை அங்குலம் வாய் பிளந்து நின்றது. கதவைச் சரி செய்து இதைச் சமாளிக்க முடியாது. வண்டியே கோணல்.

நாலு லட்சம் செலவான நிலையில் பாடி ப்ரைமரில் நின்றது. முதல் வருஷம் தம்பி வாராவாரம் வந்தார். இரண்டாம் வருஷம் மாதம் ஒருமுறை. அப்புறம் அமெரிக்கா போனார். போனில், "பரவாயில்லண்ணா, மெதுவா பண்ணுங்க" என்பார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கடைசியில் என் கூலியைக் கழித்துக்கொள்ளாமல் மிச்சப் பணத்தை அவர் அப்பாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். எஞ்சினை வேறொரு மோரிஸ்காரர் வாங்கிக்கொண்டார், அது இப்போதும் ஓடுகிறது. பாடி என் ஷெட்டின் பின்புறம் நிற்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு அதைக் காட்டித்தான் பாடம் ஆரம்பம்.

அதற்குப் பிறகு பெயிண்ட் மேல் நின்று விலை சொல்வதை விட்டுவிட்டேன். பார்க்க ஒரு நாள் கூலி தனியாக வாங்குகிறேன். நாலு இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேட்பேன். ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்ப்பேன். தரையில் இருக்கும்போது இருந்த இடுக்கு, தூக்கிய பிறகும் அதே அளவில் இருந்தால் வண்டிக்கு முதுகெலும்பு இருக்கிறது. சுரண்ட விடாத வண்டிக்காரரிடம் கூலியைக்கூட வாங்காமல் எழுந்து வந்துவிடுவேன்.

அடுத்தது, இல்லாத சாமான்கள். எஞ்சின் இல்லாத அம்பாசடரைக்கூட நான் எடுத்துக்கொள்வேன். 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டிய பாகமெல்லாம் எங்கேயாவது தேடினால் கிடைத்துவிடுகிறது. உத்தரபாராவில் 2014இல் உற்பத்தி நின்றாலும், அவ்வளவு வண்டி நாட்டில் ஓடியிருக்கிறது. பத்மினி என்கிற ஃபியட்டுக்கும் அப்படித்தான் இருந்தது. மும்பை டாக்சிகள் ஓடியவரை பாகம் செய்கிறவர்களுக்கு வியாபாரம் இருந்தது. 2023 அக்டோபரோடு அங்கே கடைசி பத்மினி டாக்சியும் போய்விட்டது. இனி சரக்கு மெலியும். ஹெரால்டு விஷயம் வேடிக்கையானது. இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் பிரியர்கள் இன்னும் இருப்பதால் புஷ், பேரிங், பிரேக் சாமானெல்லாம் அங்கிருந்து வரவழைக்கலாம். ஆனால் நாலு கதவு ஹெரால்டை உலகத்திலேயே நம் ஊரில் மட்டும்தான் செய்தார்கள். எனவே பின் கதவு போனால் லண்டனுக்குப் போனாலும் கிடைக்காது. இந்தக் காரணத்தாலேயே ஹெரால்டுக்காரர்களிடம் முதலில் பின் கதவைத்தான் திறந்து காட்டச் சொல்வேன். மோரிஸ் என்றால், கதவுக்குப் பின்னால் தூணில் ஒளிந்திருந்து கை காட்டி மாதிரி வெளியே நீளுமே, அந்தச் சிக்னல் இரண்டும் இருக்கிறதா என்று பார்ப்பேன். புதுப்பேட்டை பாய் ஒருவர் ஒருமுறை அதில் ஒற்றைக்கு ஒரு விலை, ஜோடிக்கு மூன்று மடங்கு விலை சொன்னார். "ஒண்ணு வாங்கினவன் இன்னொண்ணுக்கு எங்கிட்டதான் வருவான்" என்று சிரித்தார். நியாயம்தான்.

காகிதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓர் அம்பாசடர், தாம்பரம் பக்கம். தகரம் தங்கம். ஆர்.சி. புத்தகமும் இருந்தது, ஆனால் அது தாத்தா பேரில். தாத்தா போய் முப்பது வருஷம். வாரிசு ஏழு பேர், அதில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையில் இல்லை. வாரிசுச் சான்றும் கையெழுத்தும் வாங்கிவிட்டு வாருங்கள் என்றேன். ஒன்றரை வருஷம் ஆனது. அதற்குப் பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸில் சேஸிஸ் நம்பரைப் பார்க்கவேண்டும் என்றார்கள். பானட்டைத் திறந்தால், நம்பர் குத்தியிருந்த இடத்தில் புதுத் தகரம்! எப்போதோ ஒரு வெல்டர் துருவோடு சேர்த்து நம்பரையும் வெட்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த வண்டி இன்றைக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் செல்ஃபி எடுக்க நிற்கிறது. ரோட்டுக்கு வராது.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு, அதில் 'வி.ஏ.' என்கிற எழுத்து வருகிற தனி எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், அப்புறம் மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவு இருக்கிற வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். நல்ல விஷயம்தான். ஆனால் இரண்டு கொக்கி. ஒன்று, அந்தப் பதிவில் தினமும் கடைக்குப் போய்வர முடியாது, கண்காட்சிக்கும் ராலிக்கும் ரிப்பேருக்கும்தான். இன்னொன்று, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசல் எஞ்சினுக்கு மாற்றிய வண்டிகள் எத்தனை! அவற்றில் பலதை நானே மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அதே வீட்டுப் பேரப்பிள்ளைகள் இப்போது வந்து, "அங்கிள், ஒரிஜினல் எஞ்சின் எங்கே?" என்கிறார்கள். எடைக்குப் போட்டோம், எங்கே!

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மூன்று மாதம் எனக்குத் தூக்கமில்லை. பழைய வண்டிகள் புது வண்டிகளைவிட நன்றாகவே தப்பின, கம்ப்யூட்டர் எதுவும் கிடையாதே. தண்ணீர் வடிந்த அன்றே ஆசைப்பட்டு ஸ்டார்ட் செய்து பார்த்தவர்கள்தான் கெட்டார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே போக முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சைடு பாக்ஸுக்குள் புகுந்த சேற்றைக் கழுவாமல் விட்டவர்கள் இரண்டு மூன்று வருஷம் கழித்து வந்தார்கள்.

எரிபொருளும் மாறிவிட்டது. 2000 பிப்ரவரிக்குப் பிறகு பெட்ரோலில் ஈயம் கிடையாது. பழைய ஹெட்டில் வால்வு உட்காரும் இடம் ஈயத்தை நம்பி இருந்தது. இப்போது ஹெட்டைக் கழற்றினால் கடினமான சீட் அடித்துவிடுவது நல்லது. சமீபத்தில் எத்தனால் கலப்பு 20 சதவிகிதம் ஆனபின், பழைய ரப்பர் ட்யூபும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் கொழகொழவென்று ஆகிவிடுகின்றன. மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்குத்தான் இது பெரிய தொல்லை. டாங்க்கில் ஈரம் சேர்ந்து துரு பிடிக்கிறது. ஆகவே இப்போதெல்லாம் வண்டிக்காரரிடம் இரண்டு கேள்வி கண்டிப்பாகக் கேட்கிறேன். நிறுத்த மேலே கூரை இருக்கிறதா? வாரம் ஒருமுறையாவது யார் ஓட்டப் போகிறார்கள்? இரண்டாவதுக்கு "டிரைவர்" என்று பதில் வந்தால் நான் யோசிப்பேன். கியர் ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் வண்டியை ஓட்டத் தெரிந்த டிரைவர் இன்றைக்கு எங்கே இருக்கிறார்?

விற்றால் போட்ட பணம் வருமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒரே வார்த்தை: வராது. யுத்தத்துக்கு முந்தைய வண்டி, மடக்குக் கூரை வண்டி, அதன் கதை வேறு. அதெல்லாம் என் மாதிரி ஷெட்டுக்கு வருவதும் இல்லை. ஃபியட், அம்பாசடர், ஹெரால்டில் போட்டதில் பாதி திரும்பி வந்தாலே அதிர்ஷ்டம். இதைச் சொன்ன பிறகும் போகாமல் நிற்கிறவர்தான் என் வாடிக்கையாளர்.

செலவு ஏன் இவ்வளவு ஏறியது என்றால், சாமானைவிட ஆள்தான். என் மேஸ்திரி காலத்தில் ஒரு ஷெட்டுக்கு இரண்டு டிங்கர் இருப்பார்கள். தட்டையான தகரத்தை மணல் மூட்டை மேல் வைத்து, மரச் சுத்தியால் அடித்தே மட்கார்டு வளைவைக் கொண்டுவருவார்கள். ஈயம் ஊற்றுகிறவர் ஒருவர் எங்களிடம் இருந்தார். மரக்கட்டையில் நெய் தடவி, இளகிய ஈயத்தை வெண்ணெய் மாதிரி தடவுவார். அவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அவர் மகன் ஓலா ஓட்டுகிறார். இப்போது எனக்குத் தெரிந்து இப்படித் தகரம் அடிக்கக்கூடியவர் மூன்று பேர், மூவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஒருவருக்குக் கண்புரை. வண்டி செய்யலாமா என்று முடிவெடுக்கும்போது அவர்களுடைய உடம்பையும் நான் கணக்கில் சேர்க்கவேண்டியிருக்கிறது.

போன வருஷம் மயிலாப்பூரிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1980 பத்மினி, வெளிர் நீலம். கணவர் ஓட்டியது, அவர் தவறி ஆறு வருஷம். கூரை போட்ட ஷெட். மகன் வெளிநாட்டிலிருந்து, "அம்மா, பண்ணினா முழுசா பண்ணு, புதுசு மாதிரி வரணும்" என்று சொல்லியிருந்தான். பணமும் அனுப்பத் தயார்.

கோணி விரித்தேன். தரை கெட்டி. பின்பக்கம் ஒரு கை அகலம் மட்டும் துரு. நாலு இடத்தில் தட்டினேன். பெயிண்ட் மங்கியிருந்ததே ஒழிய, பாதிக்குமேல் கம்பெனி பெயிண்ட். டிரைவர் கதவின் ஓரத்தில், கை வைத்து ஓட்டும் இடத்தில், பெயிண்ட் தேய்ந்து ப்ரைமர் தெரிந்தது.

"முழுசா பண்ண வேண்டாம்மா" என்றேன்.

"மோசமா இருக்கா?"

"இல்லம்மா. நல்லா இருக்கு, அதனாலதான். பெயிண்ட்ட உரிச்சா அவர் கை வச்ச இடமும் போயிடும். ஓட வச்சுத் தரேன், போதும்."

அவர் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கு ஓட்டத் தெரியும். அவர்தான் கத்துக்கொடுத்தார்" என்றார்.

பிரேக் முழுக்கப் புதுசு, டயர் நாலு, டாங்க் கழுவி, ட்யூப் எல்லாம் எத்தனால் தாங்குகிற ரகம், வயரிங்கில் எலி கடித்த இடம், துருப்பிடித்த அந்தக் கை அகலத்துக்கு ஒரு தகர ஒட்டு. மொத்தம் எண்பத்தாறாயிரம். மகன் நினைத்த தொகையில் கால்வாசிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு அந்த அம்மா சாந்தோம் வழியாகக் கடற்கரைச் சாலை வரை ஓட்டிவிட்டு வருகிறார். வந்ததும் அடியில் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லியிருக்கிறேன், உப்புக் காற்றாயிற்றே. போன வாரம் வீல் சிலிண்டரில் லேசாகக் கசிகிறது என்று ஷெட்டுக்கு வந்தார். ரப்பர் வாஷர் ஒன்று மாற்றினோம். பில் 340 ரூபாய்.